மாம்பலத்தில் ஏறுகிறவள்

தாம்பரம் வருவதற்குள் அவள் தலைமுடி காய்ந்துவிடும்.

மாம்பலத்தில் ஏறும்போது, அப்போதுதான் ஈரத் துண்டை உருவி எறிந்துவிட்டு வந்தவள் போல இருப்பாள். நுனியில் ஒரு முடிச்சு மட்டும். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டு, அந்த முடிச்சை அவிழ்ப்பாள். சைதாப்பேட்டைக் காற்று, கிண்டிக் காற்று, மீனம்பாக்கத்துக் காற்று என்று ஒவ்வொன்றாக உள்ளே புகுந்து வெளியே போகும். பல்லாவரம் தாண்டியதும் டிபன் டப்பாவைத் திறப்பாள். இட்லி என்றால் மிளகாய்ப்பொடி தடவியது, தோசை என்றால் நாலாக மடித்தது. எதுவானாலும் வாய் நிறைய வைத்துக்கொள்ளாமல், பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி நிதானமாகச் சாப்பிடுவாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி பாட்டில் தண்ணீரில் விரல்களைக் கழுவிக்கொள்வாள். பெருங்களத்தூரில் பின்ன ஆரம்பித்தால் வண்டலூரில் பின்னல் முடிந்துவிடும். அதற்கப்புறம் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஒன்றும் செய்யமாட்டாள். போன் பார்க்கமாட்டாள். தூங்கவும் மாட்டாள். சும்மா இருப்பாள்.

அந்தச் சும்மா இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் இருவரும் மிக்ஸி, கிரைண்டர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். புகார்ப் பிரிவு. மாவு அரைக்கும்போது நின்றுபோனது, ஜாரிலிருந்து ஒழுகுகிறது, புகை வருகிறது என்று தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பெண்கள் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். என்னைத் திட்டுகிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். பில் நம்பர் என்ன, எந்தக் கடை, மெக்கானிக் நாளைக்கு வருவார், வைத்துவிடவா? அவள் அப்படி இல்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மிக்ஸியில் ஆரம்பித்தது மாமியாருக்குப் போய், பெண்ணின் கல்யாணத்துக்குப் போய், கடைசியில் அந்தம்மாவே, "சரிம்மா, உன் நேரத்தை வேற கெடுத்துட்டேன்" என்று வைத்துவிடுவார். அப்படித் திட்ட வந்த ஒருவர் திருநெல்வேலியிலிருந்து அல்வா அனுப்பினார். பொட்டலத்தின் மேல் அவள் பெயர்தான் இருந்தது. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

"எப்படி இவ்வளவு நேரம் கேக்குறே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஓடி வரவங்க ஓடி முடிக்கட்டுமே. நாமளும் கூட ஓடினா ரெண்டு பேருக்கும்தான் மூச்சு வாங்கும்" என்றாள்.

அப்போது ஆபீஸ் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. என் வீடு பனகல் பார்க்குக்குப் பின்னால். நடந்து போய் நடந்து வருவேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, குழம்பை ஒரு கொதி விட்டு மூடி வைத்துவிட்டுத் திரும்பிப் போவேன். சாயங்காலம் என் மகள் ஸ்கூலிலிருந்து வருவதற்கும் நான் வாசல் கதவைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அவள் அசோக் நகரிலிருந்து பஸ்ஸில் வருவாள், கசங்கிய புடவையும் அரைகுறைப் பின்னலுமாக. காலை டிபனை மேஜையில் வைத்து, போன் மணிகளுக்கு நடுவே சாப்பிடுவாள். பாவம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் பாவம் என்று நினைக்கிற இடத்தில் நான்தான் இருந்தேன்.

பிறகு கம்பெனி இடம் மாறியது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை இருந்தது. அதற்குள்ளேயே புதுக் கட்டடம் கட்டி, ஆபீஸ் மொத்தத்தையும் அங்கே கொண்டுபோவதாக மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னார். டி. நகரில் கீழ்த்தளத்து ஷோரூம் மட்டும் இருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வேன் விடுவீர்களா, பயணப்படி உண்டா, சனிக்கிழமை லீவா என்று கேட்டார்கள். நான் எழுந்து, பெண் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள், எப்படி சார் என்று கேட்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்:

"சார், ஸ்டேஷன்லேர்ந்து வேன் வருமா? அப்ப ரயில்லதானே போகணும்?"

"ஆமாம்மா. ரயில்தான் வசதி."

"சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்தவள் முகம் மாதிரி இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. எரிச்சலாக மட்டும் இருந்தது.

புது ஆபீசுக்குப் போக ஆரம்பித்ததும் என் நாள் கிழிந்து போனது. விடிவதற்கு முன் எழுந்து இரண்டு வேளைக்குச் சமைத்து, மூடி வைத்து, மகளை மூன்று தடவை எழுப்பிவிட்டு, கடை திறக்காத ரங்கநாதன் தெருவில் ஈரத் தரையிலும் அட்டைப்பெட்டிக் குவியல்களிலும் தாவித் தாவி மாம்பலம் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். ஏறியதும் போனை எடுப்பேன். எழுந்தாயா, குக்கரை இறக்கினாயா, கேஸை மூடினாயா? என் கணவர் எடுக்கவில்லை என்றால் மகளுக்கு, மகள் எடுக்கவில்லை என்றால் மறுபடி அவருக்கு. சிக்னல் போகிற இடங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தப் பக்கம் நான் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஜன்னலோரத்தில் அவள் கண்ணை லேசாக மூடிக்கொண்டு முடியை உலர்த்திக்கொண்டிருப்பாள்.

"நீ மெட்ரோ பிடிச்சு பரங்கிமலையில வந்து ஏறலாமே? கொஞ்ச நேரம் மிச்சமாகுமே" என்று ஒரு நாள் சொன்னேன். அசோக் நகரிலிருந்து அதுதான் சுருக்கு வழி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மிச்சம் பண்ணி?"

"என்ன மிச்சம் பண்ணி?"

"மிச்சம் பண்ணி அந்த நேரத்தை என்ன பண்றது?" என்று சிரித்தாள். பதில் எதிர்பார்த்துக் கேட்டது போலத் தெரியவில்லை.

கொஞ்ச நாளிலேயே அந்தப் பெட்டி அவளுடைய பெட்டி ஆகிவிட்டது. அவள் யாரையும் தேடிப்போய்ப் பேசியதே இல்லை. ஆனால் கல்லூரிப் பெண்கள் அவள் எதிரில் உட்காரத்தான் விரும்பினார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து வந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக அவள் பக்கம் நகர்ந்தார்கள். என்னோடு பேசினால் பால் விலையும் பரீட்சைத் தேதியும்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொய்யாப்பழக் கூடையோடு ஏறுகிற ஒரு பெண்மணி இருந்தாள். நாங்கள் ஏறுவதற்கு முன்பே, எழும்பூரிலிருந்தே வருகிறவள். ஒரு நாள் நான் முதலில் ஏறி அந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தேன். அவள் அங்கே என்னதான் கண்டாள் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

"இந்தாம்மா, அது அந்த அக்கா எடம். நீ அப்பால குந்து" என்றாள் கொய்யாக்காரி.

"ஏன், டிக்கெட்டுல எழுதியிருக்கா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"இன்னாமா இதுக்குப் போய் கோச்சுக்கினு? அது பாட்டுக்கு சிவனேன்னு வந்துக்கினு கீது. அத்தப் பாத்தா எனுக்கே ஒரு குளிர்ச்சியா கீது. அதான் சொன்னேன்."

அதற்குள் அவள் ஏறிவிட்டாள். "உக்காரு, உக்காரு" என்று என் தோளை அழுத்திவிட்டு, நடைவழி ஓரமாக உட்கார்ந்து அதே மாதிரி செருப்பைக் கழற்றினாள். ஜன்னலோரத்தில் எனக்குக் கிடைத்தது முகத்தில் வெயிலும் கண்ணில் தூசியும்தான். நடைவழியில் போகிறவர்கள் பை இடித்தும் கால் மிதித்தும் அவளுக்கு எதுவும் குறையவில்லை. வண்டலூரில் பின்னல் முடிந்திருந்தது.

பொறாமை என்றால் நகை மேலும் புடவை மேலும் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருத்தி மூச்சு விடுகிற விதத்தின் மேல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மழை தூறிய ஒரு காலையில் என் கணவர் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். அவள் ஸ்டேஷன் படிக்கட்டில் குடையை மடக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

"அவங்க உன் கூட வேலை பாக்குறவங்கதானே?" என்றார்.

"ஆமா."

"ஊட்டிக்குப் போற மாதிரி போறாங்க. நீ ஏன் ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரியே போறே?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு சாயங்காலம், திரும்பி வரும்போது, ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் வண்டி நின்றுபோனது. தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள். மின்விசிறி நின்றது. என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. மகள் டியூஷன் முடிந்து வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பாள் என்று ஒரு எண்ணம் வந்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று கிளம்பி, கடைசியில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். பெட்டியில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அவள் தன் போனிலிருந்து என் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தாள். என் மகள், "அப்பா வந்துட்டாரும்மா, பஜ்ஜி போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் அழுகை வந்தது. நான் இல்லாமலேயே பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

"வண்டி நிக்குதுன்னா நீயும் நில்லு. வண்டி ஓடுதுன்னா அது ஓடட்டும், நீ ஏன் ஓடறே?" என்று சொல்லி, என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெய் வாசனை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது வண்டி தாம்பரத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. தோளை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். கை மரத்துப்போயிருக்க வேண்டும். உதறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒருத்தியின் தோளில் தூங்கி எழுந்த பிறகும் அவள்மேல் பொறாமைப்பட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முன்பைவிட அதிகமாகவே பட்டேன்.

கோடை தொடங்கியபோது டி. நகர் ஷோரூமில் ஒரு புகார் மேஜை போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நேரில் வருகிறவர்களுக்காக ஒரே ஒரு ஆள். நான் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"உங்க கஷ்டம் தெரியும்மா. ஆனா அவங்க உங்களுக்கு முன்னாடி சேர்ந்தவங்க. முறைப்படி அவங்களைத்தான் முதல்ல கேக்கணும். திங்கட்கிழமை கேக்கறேன். வேணாம்னு சொன்னா உங்களுக்குத்தான்" என்றார்.

யார் வேண்டாம் என்பார்கள்? ரயிலிலும் அவள்தான் ராணி, இனி டி. நகர் மேஜையிலும் அவள்தான் உட்காரப்போகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அசோக் நகரில் அவள் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை, நானும் போனதில்லை. விட்டுக்கொடு என்று கேட்பதாக முடிவு செய்திருந்தேன். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவள் கணவர். மெலிந்த, சாதுவான மனிதர். வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர் என்று அவள் சொல்லியிருக்கிறாள். உட்காரச் சொன்னார். கூடத்தில் ஒரு கட்டில். அதில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். தும்பைப்பூவாய் நரைத்த தலை, சலவை வேட்டி. நான் வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசலைப் பார்த்தபடி, "அக்கா! அக்கா எங்க?" என்றார்.

"இதோ இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் வெளியே வந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஈரத் தலையைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். அதிலிருந்து ஜாக்கெட் முழுக்கத் தண்ணீர் இறங்கியிருந்தது. "வா வா" என்று சிரித்துவிட்டு ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்புக்கு ஓடினாள், பெரியவரிடம் ஓடினாள், மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடினாள். பாதியில் அவர் கத்தியதால் துணியில்லாமல் திரும்பி ஓடிவந்தாள்.

"எங்கப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சுங்க" என்றார் அவள் கணவர். "என்னை யாருன்னு தெரியாது. இவளை மட்டும் சின்ன வயசுல செத்துப்போன அவரோட அக்கான்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். குளிக்கப் போனா கதவைத் தட்டுறாரு. சாப்பிட உக்காந்தா தட்டைப் பிடுங்கி இவரு ஊட்டிவிடப் பாக்குறாரு. பகல் பூரா நான் பாத்துக்கறேன். ஆனா 'அக்கா எங்க, அக்கா எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. சமாளிக்க முடியல."

பெரியவர் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் எனக்குக் காபி நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. அந்தக் கிழவரை அவளுக்குப் பிடித்திருந்தது, அது தெரிந்தது. ஆனால் நான் இருந்த நேரம் முழுக்க அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

"டி. நகர்லயே ஒரு வேலை போடப்போறாங்களாமே?" என்று அவள் கணவர் திடீரென்று என்னைக் கேட்டார். "உங்க ஆபீஸ் டிரைவர் ஒருத்தர் இங்க கடைக்கு வருவாரு, அவர் சொன்னாரு. இவகிட்ட கேட்டா எனக்குத் தெரியாதுங்கறா. அது மட்டும் இவளுக்குக் கிடைச்சா, மத்தியானம் ஒரு நடை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போவா. எனக்கும் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைக்கும். கிடைக்குமாங்க?"

அவள் அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணைக் காட்டவில்லை, தலையசைக்கவில்லை. வெறுமனே பார்த்தாள். ஊரப்பாக்கத்தில் வண்டி நின்றபோதுகூட மாறாத முகம் இப்போது வெளுத்திருந்தது.

எனக்குப் புரிந்தது. எத்தனையோ நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தும் புரியாத ஈரத் தலையும், இட்லி டப்பாவும், அந்தச் சும்மா இருப்பதும் ஒரே வினாடியில் புரிந்தன.

"இல்லைங்க" என்றேன். "அது ஒருத்தருக்குத்தான். எனக்குன்னு முடிவாயிடுச்சு. என் பொண்ணு பரீட்சைன்னு நான் ரொம்பக் கெஞ்சினேன்."

"அப்படியா" என்றார். முகம் விழுந்துவிட்டது. ஆனாலும், "சந்தோஷம்ங்க. உங்களுக்காவது கிடைச்சுதே" என்றார். நல்ல மனிதர். அதனால்தான் அந்தக் காபி எனக்குள் இறங்கச் சிரமப்பட்டது.

கிளம்பும்போது அவள் மாடிப்படியின் முதல் திருப்பம் வரை வந்தாள். அதற்கு மேல் வந்தால் மேலே கூப்பாடு கேட்கும்.

"நீ எதுக்கு வந்தேன்னு தெரியும்" என்றாள். "நீ வரலேன்னாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நாளைக்கு மேனேஜர் கேட்டா சொல்லிடறேன்."

"உன் வீட்டுக்காரர் தூங்கக்கூட முடியலேங்கறாரேடி."

"தெரியும்."

"பெரியவரும் உன்னையே தேடறாரு."

"அதுவும் தெரியும். எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் அவங்க ரெண்டு பேருக்காகத்தான் ஓடறேன். குறைன்னு சொல்லல. ஆனா போற நேரமும் வர நேரமும் என்னுது. அதையும் குடுத்துட்டா அப்புறம் நான்னு ஒருத்தி எங்க இருப்பேன், சொல்லு."

மேலேயிருந்து "அக்கா!" என்று குரல் வந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனாள்.

நான் கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அசோக் நகர் தூணைத் தாண்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்த மேஜையை வாங்கியிருப்பேன். மத்தியானம் ஓடி வந்திருப்பேன். நல்ல மருமகள் என்று பெயர் எடுத்திருப்பேன். என் பங்கு என்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, புருஷன் கேட்டும் கொடுக்காமல், அதற்காகக் குறுகியும் போகாமல் நிற்கும் நெஞ்சு எனக்கு இல்லை. என் வீட்டில் என்னிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. நானே எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரமே டி. நகர் மேஜைக்கு வந்துவிட்டேன். நடந்து போனேன், நடந்து வந்தேன். குழம்பு மறுபடி மத்தியானம் கொதித்தது. மகள் பரீட்சை எழுதி, கல்லூரியில் சேர்ந்து, சாயங்காலம் என்னைவிடத் தாமதமாக வர ஆரம்பித்தாள். சில காலைகளில் காய் வாங்குகிற சாக்கில் மாம்பலம் ஸ்டேஷன் வரை போவேன். தாம்பரம் பக்கம் போகிற வண்டி வந்து நின்று கிளம்பும். பெண்கள் பெட்டியைப் பார்ப்பேன். ஒரு தடவை அவள் முடி ஜன்னலோரத்தில் பறப்பது தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வாங்கிய கத்தரிக்காய் எல்லாம் சொத்தை.

இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பெரியவர் போய்விட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் போனார் என்றார்கள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் கணவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சொந்த மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டா." பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மறைமலை நகர்ல ஒரு ஃபிளாட் பாத்துட்டேன். கம்பெனியே அந்தப் பக்கம் புதுசா ஒரு ஆபீஸ் திறந்து இவ பிரிவை அங்க மாத்தியிருக்காங்களே, அதுக்கு நேர் பின் தெரு. வீட்டை விட்டு இறங்கினா ஆபீஸ். இத்தனை வருஷமா அலைஞ்சா. இனிமே அவ அலையக் கூடாது."

அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை அன்போடு ஒருவர் கொண்டுவந்து வைத்ததை எப்படி வேண்டாம் என்பது? கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. இனி இவளும் என்னைப்போல நடந்து போய் நடந்து வருவாள் என்று நினைத்தபோது உள்ளே எங்கோ ஓரிடத்தில் ஜில்லென்று இருந்தது.

குடிபோன பிறகு போன் செய்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வீட்டை விட்டு இறங்கறேன், ஆபீஸ் வந்துடுது. ஆபீஸை விட்டு இறங்கறேன், வீடு வந்துடுது" என்றாள். "நடுவுல ஒண்ணுமே இல்லடி."

"பழகிடும்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த திருப்தி எனக்கே கேட்டது.

அடுத்த தீபாவளிக்கு முன் அவள் வேலையை விட்டுவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ, அவள் கணவருக்கு ஏதாவதோ என்று நினைத்தேன். ஒரு வாரம் நிஜமாகவே கவலைப்பட்டேன். அவளைப் பற்றி நான் பொறாமை கலக்காமல் நினைத்த ஒரே வாரம் அதுதான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மாம்பலத்தில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி வந்து நின்றது. அந்த நேரத்து வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஆட்கள் இறங்குவதில்லை, பிதுங்கி விழுவார்கள். பை தனியாக, ஆள் தனியாக. நான் மேம்பாலப் படியோரம் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கசங்கியும் வேர்த்தும் இடித்துக்கொண்டும் வந்த அத்தனை முகங்களுக்கு நடுவில் ஒரு முகம் மட்டும் அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை முகம் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"ஏய்!" என்று என் கையைப் பிடித்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"இங்கதான் வேலை. உஸ்மான் ரோட்டுல ஒரு ஜவுளிக்கடை. ஆன்லைன்ல புடவை வாங்கினவங்க சாயம் போச்சுன்னு திட்டுவாங்க, கேட்டுக்கணும். சம்பளம் கொஞ்சம் கம்மிதான். தேடிப் பிடிச்சேன்."

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். 'நீங்க ஆசையாத்தான் பண்ணினீங்க, ஆனா எனக்கு ரயில் இல்லாம முடியல'ன்னேன். எழுதிக்கிட்டிருந்த கணக்கு நோட்டை மூடி வெச்சாரு. அப்புறம், 'இத்தனை வருஷமும் அதானா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். காலையில அவர்தான் ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடறாரு."

"இந்தக் கூட்டத்துல உக்கார எடம் கிடைக்குதா?"

"எங்க? பாதி தூரம் ஒத்தக் கால்லதான் வந்தேன்" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் கட்டோடு பிடித்திருந்த கீரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரிப்பு அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எப்படி இருக்கே?" என்றாள். "அதே வீடுதானா? அதே ஆபீஸ்தானா?"

"அதேதான். நடந்து போய் நடந்து வரேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போறேன். எல்லாம் வசதியாத்தான் இருக்கு."

அவள் என் கன்னத்தில் கையை வைத்தாள். கிண்டல் இல்லை, ஒரு சொட்டுக்கூட இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அடப் பாவமே" என்றாள்.

பிறகு ரங்கநாதன் தெருப் பக்கம் படியிறங்கினாள். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.